தாத்தா காரின் சட்டை

தில்லியில் 1964-லும் கல்கத்தாவில் 1968-லும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழங்கார் ஊர்வலம் தொடங்கியது. இந்த மாதிரி ஊர்வலங்களுக்குப் போனால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "இன்னும் ஓடுதா?" என்பதுதான். அது இஞ்சினைப் பற்றிய கேள்வி. எனக்கென்னவோ அதன் சட்டையைப் பற்றித்தான் ஆர்வம். பாடியைத்தான் சொல்கிறேன் :-)

சட்டை என்று சும்மா சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ரோல்ஸ் ராய்ஸ் விற்றது சேஸிஸும் இஞ்சினும் மட்டுமே. துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுப்பதுபோல, அதை பாடி கட்டுபவரிடம் கொடுக்க வேண்டும். அவர்களில் பலர் குதிரை வண்டி செய்தவர்கள். நம் சென்னையில் 1840-ல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் அந்த வழிதான். 1903-ல் அங்கே ஒரு நீராவிக் காரே செய்தார்கள்.

வண்டி செய்தவர்களின் கை என்பதால் உள்ளே இருப்பது மரச் சட்டம். அதன்மேல் தகட்டை வளைத்து ஆணி அடித்தார்கள். தண்ணீர் இறங்கினால் தகடு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும், கதவு தொங்கும். கீலை மாற்றிப் பயனில்லை. ஆக, அந்தக் கால காரைப் புதுப்பிக்க முதலில் வேண்டியவர் தச்சர்!

1914-ல் அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் கம்பெனி டாட்ஜ் கார்களுக்கு முழு எஃகு பாடி செய்து கொடுத்தது. மரம் மெல்ல விடைபெற்றது. 1957 முதல் 2014 வரை வந்த நம் அம்பாசிடரில் தனி சேஸிஸே கிடையாது. பாடிதான் எலும்பும். கதவுக்குக் கீழுள்ள பகுதி துருப்பிடித்தால், உள்ளே முட்டுக் கொடுக்காமல் வெட்டக்கூடாது. வெட்டினால் வண்டியே கோணிக்கொள்ளும்.

பெயிண்டுக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் பிரஷ்ஷால் பூச்சுமேல் பூச்சாக அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. 1923-ல் டூபான்ட் கம்பெனி சீக்கிரம் காயும் பெயிண்டைக் கொண்டுவந்தது. அதன் பெயர் டூகோ. நம்மூரில் பீரோவுக்குக்கூட "டூகோ அடிக்கணும்" என்கிறோமே, அதேதான்!

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன்? ஊரில் தாத்தாவின் காரை விற்க மனமில்லாமல் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் குடும்பங்கள் நம்மில் உண்டு. ஒருநாள் இங்கிருந்து போன் போட்டு, "புதுசு மாதிரி பண்ணிடுங்க" என்கிறோம். ஒடுக்கு எடுப்பது பொறுமையான வேலை. தகட்டுக்குப் பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, முன்னால் சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டும். அவசரப்படுத்தினால் அந்த இடத்தில் பட்டியை அப்பிவிடுவார்கள். எஃகு பாடி என்றால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. (அலுமினியத் தகட்டில் எங்குமே ஒட்டாது, பயந்துவிட வேண்டாம்.)

இன்னொன்று, புதுசு மாதிரி என்பதே சரியா? பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012-ல் ஏற்ற டூரின் சாசனம், முடிந்தவரை பழையதைக் காப்பாற்றச் சொல்கிறது. பெயிண்டை ஓரிடத்தில் மெதுவாகத் தேய்த்தால் அடியில் பழைய நிறங்கள் வரிசையாகத் தெரியும். தாத்தா வாங்கியபோது என்ன நிறம், அப்பா எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மொத்தமாகச் சுரண்டிவிட்டால் போனது போனதுதான்.

எனவே வேலைக்கு விடும் முன் போட்டோ எடுங்கள். கழற்றிய மரத்துண்டையும் தகட்டையும் எடைக்குப் போடாதீர்கள். தட்டி நிமிர்த்தியவர் பெயரையும் தேதியையும் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். ஊர்வலத்தில் பலகையில் உரிமையாளர் பெயர் இருக்கும், வருடம் இருக்கும். தச்சர் பெயரும் டிங்கரிங் செய்தவர் பெயரும் பெரும்பாலும் இருக்காது. நம் வீட்டுக் காரிலாவது இருக்கட்டுமே.