காணாமல் போன பூட்டனும் சென்சஸ் கணக்கும்

ஆடி அமாவாசை அன்று குற்றாலம் மெயின் அருவிக்கரையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களிடம் அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர் என்று மூன்று தலைமுறையைக் கேட்பார்கள். முதல் இரண்டும் டக்கென்று வரும். மூன்றாவதில்தான் பலர் முழிப்பார்கள். சிலருக்குப் பெயர் தெரியும், ஆள் என்ன ஆனார் என்பது தெரியாது. "மலையாளத்துப் பக்கம் போனாராம்", "கண்டிக்குப் போனவர் திரும்பவே இல்லையாம்"... தென்காசிப் பக்கம் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு.

கேட்கச் சின்னக் கதைதான். ஆனால் அன்று வீட்டில் இருந்தவர்களுக்கு? மனைவி தாலியோடு இருப்பதா, கழற்றுவதா? பங்கு நிலம் யாருக்கு? 7 வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1872-ம் வருட சாட்சியச் சட்டம் சொன்னது. சட்டத்துக்கு 7 வருடம் போதும். மனசுக்கு?

சரி, பழைய சென்சஸில் தேடினால் ஆள் கிடைப்பாரா?

இங்கிலாந்தில் கிடைக்கலாம். அங்கே 100 வருடம் கழிந்ததும் வீடு வீடாக எழுதிய படிவங்களையே திறந்து விடுகிறார்கள். 1921 கணக்கு 2022 ஜனவரியில் வெளியானது. அமெரிக்காவில் 72 வருடம்தான். 1950 கணக்கு 2022 ஏப்ரலில் வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் வீட்டு முகவரி, வயது, தொழில் எல்லாம் வரும்.

நம் ஊரில் அது நடக்காது. சென்னை மாகாணம் முழுவதும் 1871-ல் கணக்கெடுத்தார்கள். 1881 பிப்ரவரி 17 முதல் இந்தியா முழுக்க ஒரே நேரத்தில் எடுக்கும் முறை வந்தது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து விவரம் எழுதினார். ஆனால் அரசாங்கத்துக்கு வேண்டியது கூட்டுத்தொகை. 1901-ல் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதித் தரம் பிரித்து எண்ணினார்கள். வயது, மதம், தொழில் என்று பிரிக்கப் பெயர் எதற்கு? எண்ணி முடித்த பின் படிவங்களைப் பொதுவாகப் பாதுகாக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சென்சஸ் சட்டத்தின் 15-ம் பிரிவோ, அந்தப் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. தனி மனிதர் சொன்னது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஐந்தொகை இருக்கிறது, பேரேட்டைக் காணோம்!

அந்த ஐந்தொகையும் சும்மா இல்லை. திருநெல்வேலி ஜில்லாவின் ஜனத்தொகை 1871-ல் சுமார் 16.94 லட்சம். 1881-ல் சுமார் 17 லட்சம். பத்து வருடத்தில் ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பத்து வருடத்தில் 19 லட்சத்தைத் தாண்டியது. நடுவில் என்ன நடந்தது? 1876-78 தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள், பிறக்காத குழந்தைகள், ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் அந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஒரு வீட்டின் பூட்டனும் அதில் இருக்கலாம். பெயர் மட்டும் இல்லை.

இன்னொரு சிக்கல், எல்லை. தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. காலையில் நடந்து போய் அங்கே குடியேறியவர் சென்னை மாகாணக் கணக்கிலிருந்து மறைந்து, திருவிதாங்கூர் கணக்கில் ஒரு எண் ஆகிவிடுவார். மலையாளத்துப் பக்கம் போனார் என்பது சில சமயம் அவ்வளவு பக்கம்தான்!

அப்படியானால் எங்கே தேடுவது? பெயர் இல்லாமல் வேலை நடக்காத பதிவுகளில்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பல் ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். முதலாளிக்கு ஆள் தப்பிவிடக் கூடாதே! மொரீஷியஸில் புகைப்படமே எடுத்தார்கள். அவை அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஆளைக் கட்டிப் போட எழுதிய எழுத்து, இன்று ஆளைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களுக்கு அப்படி ஒரு கப்பல் பட்டியல் கிடையாது. அவர்கள் வம்சத்தைத் தேட உள்ளூர்க் காகிதம்தான் கதி. பழைய பத்திரம், வில்லங்கச் சான்று, பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர், பிறப்பு இறப்புப் பதிவு, கல்யாண மொய் நோட்டு. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. தகப்பன் பெயர், ஊர் இரண்டும் ஒத்துப் போக வேண்டும். ஒரே குலசாமி பெயரை ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது வீட்டில் இருக்கும் ஆச்சியை. எந்த ஊர், யாரோடு சண்டை, எந்த வருஷம் என்று அவர் சொல்லும் ஒரு வரி இல்லாமல் எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட முடியாது. காகிதம் இன்னும் நூறு வருடம் இருக்கலாம். ஆச்சி இருக்க மாட்டார். அடுத்த ஆடி அமாவாசைக்குள் கேட்டு எழுதி வைத்துவிட்டால், அருவிக்கரையில் மூன்றாவது பெயராவது தடங்காமல் வரும்.