வரவு இடாப்பும் செக்ரோலும்

மாணவன் ஒருவன் வகுப்புக்கு வராமற்போன நாட்களையும், பரீட்சையில் அவன் பெற்ற புள்ளிகளையும், கட்டவேண்டிய பணம் பாக்கி நிற்பதையும் ஒருங்கே சேர்த்துப் பார்த்து, இவன் படிப்பை இடையில் விட்டுவிடக்கூடும் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செய்யும் கணினி மென்பொருள்கள் இன்று உலகத்துக் கல்லூரிகள் பலவற்றிலும் பிரவேசித்து வருகின்றன. மலையகத்துக் கல்லூரிகளிலும் அவற்றைப் பற்றிய பேச்சு பலமாக எழும் காலம் தூரத்தில் இல்லை. அப்போது ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழ்பவர்கள் இதனை முற்றிலும் நூதனமான ஒரு விஷயமாகக் கருதிவிடலாகாது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், மனிதனுடைய வருகையை நாள் தவறாமல் குறித்து, அந்தக் குறிப்பைக் கொண்டே அவனுடைய ஜீவனத்தை நிர்ணயம் செய்யும் வித்தையில் தேயிலைத் தோட்டத்தை விஞ்சிய ஸ்தாபனம் ஒன்று இத்தேசத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

பொழுது புலருமுன் தப்பு முழங்கும். லயங்களிலிருந்து ஆணும் பெண்ணும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். கொழுந்து எடுப்பவர் எந்த மலைக்கு, கவ்வாத்துக்குப் போகிறவர் எந்த மலைக்கு, கான் வெட்டுகிறவர் எங்கே என்று கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆளைப் பிரித்து அனுப்புவார்கள். மாலையில் கொழுந்து நிறுத்த பிறகு, அவரவர் கணக்கில் முழுநாள் கூலியாகிய முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர்தானா என்பது தீர்மானமாகி, தோட்டத்து ஆபீசிலுள்ள செக்ரோல் என்னும் அகன்ற புத்தகத்தில் ஏறிவிடும். இடப்பக்கத்தில் ஆட்களின் பெயர்கள், மேலே மாதத்தின் திகதிகள், கடைசிப் பத்திகளில் அரிசிக்கும் முன்பணத்துக்கும் கழிவு என்ற ஒழுங்கில் அமைந்த அந்தப் புத்தகத்தில் ஒரு நாள் விடுபட்டால், அந்தக் குடும்பத்தின் அடுப்பில் அது தெரியும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைப் பின்பற்றி 1929இல் அமுலுக்கு வந்த விகிதங்களின்படி, உயர்ந்த மலைப்பிரதேசத் தோட்டங்களில் ஆணுக்கு நாட்சம்பளம் 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். பிள்ளைக்கு 32 சதம். அந்த 32 சதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தோட்டத்துக் கல்வியின் சரித்திரத்தில் பாதிக்கு மேல் அதனுள் அடங்கியிருக்கிறது.

கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களில் எழுத்தறிவிக்கும் முயற்சிகள் சில நடந்தன. ஓரளவு படித்த ஒருவர் லயத்துத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பதும், வசதியுள்ள பெரிய கங்காணி அவரை ஆதரிப்பதும் உண்டு. 1854இல் சர்ச் மிஷன் சங்கத்தார் தோட்டங்களில் ஒரு தமிழ் மிஷனைத் தொடங்கினார்கள். சமய போதனையோடு பள்ளிக்கூடமும் அவர்களுடைய வேலையாயிற்று. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஸ்தாபிதமான பின்னர், உதவி நன்கொடை என்னும் முறை இலங்கையில் வேரூன்றியது. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், பரிசோதகர் முன்னிலையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பார்த்துப் பணம் கொடுக்கும் இந்த முறைக்கு, 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் ஏற்படுத்திய விதிகளே மூலம். ஆகவே, நன்கொடை பெறும் பள்ளிகளில் வரவு இடாப்பு என்பது பிறக்கும்போதே பணக்கணக்காகப் பிறந்தது. பிள்ளையின் பெயருக்கு எதிரே இட்ட ஒவ்வொரு கோடும் பள்ளியின் வருமானத்துக்கு ஆதாரம்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கிடைக்கச் செய்வதும், அதற்குத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கிவைப்பதும் தோட்டத்துரையின் கடமை என்று விதித்தது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கடமையை மேலும் இறுக்கியது. சட்டம் வந்தது, பள்ளிகளும் வந்தன. ஒரே மண்டபம், பெரும்பாலும் ஒரே வாத்தியார், ஒரு மூலையில் முதலாம் வகுப்பு, மறுமூலையில் ஐந்தாம் வகுப்பு. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பவரும் துரைதான். பள்ளிப் பிள்ளை பத்து வயது கடந்ததும் அவனை மலையில் வேலைக்கு எடுப்பவரும் துரைதான். கட்டாயக் கல்வி முடிகிற வயதும் கூலிக்குப் பேர் பதிகிற வயதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே தோட்டத்தில், ஒரே அதிகாரத்தின்கீழ், சில நூறு யார் தூரத்தில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. பள்ளியிலிருந்த இடாப்பில் ‘வரவில்லை’ என்று குறிக்கக் கட்டம் உண்டு. ஏன் வரவில்லை என்று குறிக்க இடம் கிடையாது. தாய் கொழுந்துக்குப் போய்விட, பிள்ளைக்காம்பராவும் சரியாக நடவாத தோட்டத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட மூத்த பெண்ணும், காய்ச்சலில் படுத்த பையனும், போட்டுக்கொள்ள வேறு சட்டையில்லாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளையும் அந்த இடாப்பில் ஒரே வகையான குறியைத்தான் பெற்றார்கள். ஆபீசிலிருந்த செக்ரோலோ அந்த வீட்டில் அம்மாதம் எத்தனை பேர் விழுந்தது, எவ்வளவு கடன் நின்றது, யார் நோயில் கிடந்தார், யார் பிரசவ விடுப்பில் இருந்தார் என்பதையெல்லாம் அறிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்திருந்தால், எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் பள்ளியை விட்டு நழுவப்போகிறது என்பது கணக்கப்பிள்ளைக்கே புலப்பட்டிருக்கும். அவ்வாறு பார்க்கும்படி சட்டமும் சொல்லவில்லை, லாபமும் தூண்டவில்லை. இன்றைய மென்பொருள் செய்வதாகச் சொல்லும் வேலை முழுவதும் வேறு எதுவுமில்லை. அந்த இரண்டு புத்தகங்களையும் ஒன்றாக விரிப்பதுதான்.

தடைகளைத் தாண்டி மேலே வந்தவர்கள் இல்லாமலில்லை. தோட்டத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்ற பெரி. சுந்தரம் 1931இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்று மந்திரியானார். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் பெயர்பெற்று, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். இவர்களைப் போன்றோர் கங்காணி மரபின் வசதியையோ அபூர்வமான ஆதரவையோ துணையாகக் கொண்டிருந்தார்கள். தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகையிலும் மேடையிலும் சபையிலும் ஓயாது வாதாடியது, அத்தகைய துணை எதுவும் இல்லாத கூட்டத்துக்காக.

கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நாடு முழுவதற்கும் வந்தது. தோட்டப் பள்ளிகளோ அதன் முழுப் பயனுக்கு வெளியே, பழையபடி தோட்டத்துரையின் பரிபாலனத்திலேயே விடப்பட்டன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவன் பள்ளிக்கூடம் கேட்டால் யார் காதுகொடுப்பார்? 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு ஒத்திவைத்தது. தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களோடு பிள்ளைகளும் போனார்கள். வகுப்பின் நடுவே ஒரு பெயர் இடாப்பிலிருந்து நீங்குவதற்கு, வறுமையும் நோயும் போதாவென்று, இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்தும் ஒரு காரணமாயிற்று.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசாங்கத்தின் வசமாகிய பிறகு, 1977 தொடங்கிப் பள்ளிகளும் படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின்கீழ் வந்தன. 1980களில் சுவீடன் தேசத்துச் சீடா நிறுவனத்தின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து லயங்களிலேயே பிறந்து சாதாரண தரம் தேறிய இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. கட்டடத்தைக் காட்டிலும் இந்த ஆசிரியர் நியமனமே பெரிய மாறுதல் என்று நான் மதிக்கிறேன். முதன்முறையாக, இடாப்பைத் திறக்கிறவருக்கு அதில் குறிக்க இடமில்லாத காரணங்களும் தெரிந்திருந்தன. இன்ன பிள்ளை வராததற்கு மேற்கணக்கு லயத்தில் நேற்று நடந்த சாவு காரணம் என்று அவர் அறிவார். அதே பாதையில் அவரும் வீட்டுக்கு நடப்பவர்.

இனி மென்பொருளின் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம், ஏழை மாணவர் நிறைந்த கலாசாலை. 2012இல் அவர்கள் புகுத்திய முறை, பழைய மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து எடுத்த 800க்கும் மேற்பட்ட அபாயக் குறிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாணவரையும் நாள்தோறும் கவனித்தது. பாடம் தவறிப் பதிந்தாலும், அடிப்படைப் பாடத்தில் புள்ளி தாழ்ந்தாலும் ஆலோசகருக்குச் செய்தி போகும். அதன் கீர்த்தியைப் பேசுகிறவர்கள் பலரும் சொல்லாமல் விடும் சங்கதிகள் இரண்டு. கருவியோடு கூடவே நாற்பதுக்கு மேற்பட்ட புதிய ஆலோசகர்களை அவர்கள் வேலைக்கு அமர்த்தினார்கள். சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் வெட்டப்படும் நிலையிலிருந்த மாணவர்களுக்கு, அவர்கள் கேளாமலே அந்தப் பாக்கியைத் தீர்க்கும் சிறு நிதியொன்றையும் நடத்தினார்கள்.

இதற்கு நேர்மாறான திருஷ்டாந்தமும் அதே தேசத்தில் உண்டு. மேரிலாந்திலுள்ள மௌண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து, தங்கிப் படிக்கமாட்டார்கள் என்று தோன்றுபவர்களைக் கண்டுபிடித்து, மாணவர் தொகையை அரசாங்கத்துக்கு அறிவிக்கும் தினத்துக்கு முன்பே அவர்களை வெளியேற்றிவிட அதன் தலைவர் உத்தேசித்தார். கல்லூரியின் சதவீதம் உயர்ந்து காட்சியளிக்க வேண்டும் என்பதே நோக்கம். 2016இல் மாணவர் பத்திரிகை இதை அம்பலப்படுத்த, பெரும் கிளர்ச்சி மூண்டு அவர் பதவி விலகினார். ஒரே வகையான தகவல்தான்; ஓரிடத்தில் அது பிள்ளையைத் தேடிப்போக உதவியது, மற்றோரிடத்தில் ஆளைக் கழித்துவிடுவதற்குப் பயன்பட இருந்தது. செக்ரோலோடு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்த மக்களுக்கு இந்த வேற்றுமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மலையகத்தில் ஒரு கல்லூரி இத்தகைய கருவியை வாங்கும்போது முதலில் கேட்கவேண்டியது, அதில் எழுதப்படுவதைப் படிப்பவர் யார் என்பதே. பஸ்ஸில்லாத தோட்டத்திலிருந்து மழையில் நடந்து வருகிற மாணவியையும், தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்கத் தம்பி தங்கையருக்குச் சமைத்துவிட்டு வருகிற மாணவனையும், கைப்பேசியில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏறவேண்டிய லயத்துப் பிள்ளையையும் திரையில் தோன்றும் சிவப்புக் குறி ஒன்றாகவே காட்டும். அந்தக் குறி தோன்றிய வாரத்திலேயே அவர்கள் வீட்டுக்குப் போய் வருவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவருடைய நேரசூசியில் அதற்கென ஒதுக்கிவைத்த அரைநாளும், பஸ் செலவுக்குப் பணமும், பாக்கித்தொகையைத் தீர்க்க அவர் கையெழுத்தில் எடுக்கக்கூடிய சிறு நிதியும் வேண்டும். மென்பொருளின் விலையை எழுதுகிற அதே மதிப்பீட்டுத் தாளில், அடுத்த வரியிலேயே இவற்றையும் எழுதும்படி பெற்றோர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வற்புறுத்த வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்திட மறுக்கவும் வேண்டும்.