டிரைவர் யார் கையில்?

விண்டோஸை மறுபடி நிறுவியதும் ஒலியும் வைஃபையும் காணாமல் போனால் அது பழுதல்ல. வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தயாரிப்பாளரே தன் கையில் வைத்திருக்கும் பழைய ஏற்பாட்டின் விளைவு. 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளின் மூலநிரலைத் தர மறுத்ததுதான் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கட்டற்ற மென்பொருளின் பக்கம் திருப்பியது. திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கியது. பின்னர் கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. லினக்ஸ் கெர்னலோடு பெரும்பாலான டிரைவர்களும் சேர்ந்தே வருவதால், அங்கே மறுநிறுவல் சுலபம்.

விண்டோஸும் இன்று டிரைவரைத் தானே இறக்கிக்கொள்கிறதே என்பார்கள். உண்மை, ஆனால் நெட்வொர்க் டிரைவரே இல்லையென்றால் எங்கிருந்து இறக்குவது? சில வைஃபை சில்லுகள் லினக்ஸிலும் முரண்டுபிடிக்கின்றன. அங்கும் காரணம், பெரும்பாலும் நிறுவனம் பூட்டிவைத்த ஃபர்ம்வேர், அதாவது சில்லுக்குள் ஓடும் மென்பொருள்தான்.