சோகையும் லயமும்: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொக்கிப்புழு நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் மருத்துவக் குறிப்புகளில் சோகை நோய் ‘பெரிபெரி’ என்னும் பெயருடன் கலந்தே வழங்கியது. கால் வீக்கம், மூச்சிரைப்பு, தளர்ச்சி ஆகியன இரண்டிற்கும் பொதுவான அறிகுறிகளாக இருந்தமையே இக்குழப்பத்திற்குக் காரணம். இலங்கையில் பெரிபெரி எனப்பட்டது, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் கொக்கிப்புழுவால் விளையும் சோகையே என்பது, குடியேற்ற அரசின் தலைமை மருத்துவ அலுவலர் டபிள்யூ. ஆர். கின்சி 1887இல் அளித்த அறிக்கையின் முடிவு.

காரணம் தெளிந்த பின்னரும் தோட்டங்களில் நோய் நீடித்தது. அதற்கான விளக்கத்தைப் பயிர் மாற்றத்திலும் தேட வேண்டும். காப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கொழுந்தை ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டியிருந்ததால் குடும்பங்கள் லயங்களிலேயே நிலைத்தன. கழிப்பிடமற்ற லயங்களைச் சுற்றியிருந்த ஈரமும் நிழலும் மிக்க மண் புழுமுட்டைகள் பொரிவதற்கு ஏற்றதாயிற்று. இளம்புழு தோலைத் துளைத்தே உடலுள் புகுகிறது என்பதை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டறிந்தார். வெறுங்காலுடன் கொழுந்தெடுத்த பெண்களுக்கு, அடுத்தடுத்த மகப்பேறும் இரும்புச்சத்துக் குறைந்த அரிசி உணவும் குருதியிழப்பை மேலும் கடுமையாக்கின.

நோய் கூலியையும் குறைத்தது. குறித்த நிறை கொழுந்து சேராதவருக்குச் செக்ரோலில் ‘அரைப்பேர்’ மட்டுமே விழுந்தது. குருதிக் குறைவால் வந்த தளர்ச்சியைச் சோம்பல் எனக் கொள்வது துரைமாருக்கு எளிதாக இருந்தது.

1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதார வாரியம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. புழுநீக்க மருந்து தொழிலாளரை விரைவில் வேலைக்கு மீட்டதால் தோட்ட உரிமையாளர் அதனை ஏற்றனர். கழிப்பிடம் கட்டுவதோ அவர்களுக்கு வீண் செலவாகத் தோன்றியது. தொழிலாளரின் பழக்கமே தடை என்ற வாதம் அச்செலவைத் தள்ளிப்போட உதவிற்று. மருந்துண்டவர் அதே மண்ணில் நடந்து மீண்டும் புழுவேற்றார். இந்நோய் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்ற கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. புறப்படும் கரையிலுள்ள மண்டபம் முகாமில் பிற்காலத்தில் புழுநீக்க மருந்து அளிக்கப்பட்டது அதனால்தான். ஆயினும் அம்மருந்தை உண்டு கடல் கடந்தவர் சென்று சேர்ந்தது பெரும்பாலும் கழிப்பிடமற்ற லயங்களுக்கே.