மெய்நிகர்ப் பொறிகளும் சேய்மையாட்சியும்

அரசியல் வரலாற்றைக் கற்போர், ஓர் அரசன் எத்துணைப் பரந்த நிலத்தை வென்றான் என்பதோடு அமையார். தலைநகரிலிருந்துகொண்டு சேய்மையிலுள்ள நாடுகளை எவ்வாறு ஆண்டான் என்பதையும் ஆராய்வர். ஓலை எவ்வழிச் சென்றது, முத்திரை எவர் கையிலிருந்தது என்பன அவ்வாராய்ச்சியில் எழும் வினாக்களாம். இவ்வினாக்கள் பொறிகளின் வரலாற்றிலும் எழுகின்றன. இன்று உலகின் அலுவல்களைத் தாங்கிநிற்கும் சேவையகக் கணினிகளுட் பல, உண்மையில் மெய்நிகர்ப் பொறிகளே. அவற்றைத் தொலைவிலிருந்து ஆளுங் கருவிகள் அண்மைக்காலத்துப் புதுமை எனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது என்பதும், காலப்போக்கில் மாறியது தொலைவன்று, ஒரு கைக்குட்பட்ட அதிகாரத்தின் பரப்பே என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும்.

மெய்நிகர்ப் பொறி என்பது யாது? ஒரு கணினியின் செயலி, நினைவகம், வட்டு முதலியவற்றை மேற்பார்வைச் செய்நிரல் ஒன்று பலவாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனித்தொரு கணினி போல இயங்கச் செய்கிறது. அவ்வாறு இயங்குவதே மெய்நிகர்ப் பொறியாம். அதற்கெனத் தனியுடல் இல்லை. கையால் அழுத்தப் பொத்தானும் இல்லை. அதனைத் தொடக்குதற்கும் நிறுத்துதற்கும் கட்டளையொன்றே வழி. ஆதலின், ஆளுங் கருவி அதற்குப் பின்னர் பூட்டிய அணியன்று, உடன்பிறந்த உறுப்பென்க.

இதன் தோற்றத்தை நோக்குவாம். 1960ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திற் கணினியைப் பயன்படுத்துவோர், துளையிட்ட அட்டைகளை இயக்குநரிடம் ஒப்படைத்து, விடைக்காக நெடும்பொழுது காத்திருந்தனர். இந்நிலையை மாற்ற, மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கொர்பாற்றோவும் அவர்தம் குழுவினரும் 1961இல் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். அம்முறையின் ஆக்கத்திற் பங்குகொண்ட றொபேட் கிறீசி, பின்னர் ஐ. பி. எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ச் அறிவியல் நிலையத்திற் சேர்ந்து, சி. பி. 40 என்னும் மேற்பார்வை நிரலை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1967 சனவரியில் அது வழக்கமான பயன்பாட்டிற்கு வந்தது. ஒரே கணினியில் 14 மெய்நிகர்ப் பொறிகள் இயங்கின. ஒவ்வொன்றும் 256 கிலோபைற்று நினைவகம் உடையதாய்த் தோன்றிற்று.

ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. பயனர் தம்முன் இருந்த தட்டச்சு முனையமே அவருடைய மெய்நிகர்ப் பொறியின் இயக்குநர் மேசையாயிற்று. கணினி அறையில் இயக்குநர் பொத்தானை அழுத்திச் செய்ததைப் பயனர் தம் இருக்கையிலிருந்தே சொல்லாற் செய்தார். மெய்நிகர்ப் பொறி பிறந்தபோதே சேய்மையாட்சியும் பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எனினும், அவ்வாட்சி எல்லையுடையதாயிருந்தது. 1972இல் ஐ. பி. எம். அறிவித்த வி. எம். 370 என்னும் முறைமையிற் கட்டளைகள் வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பொதுப் பயனர் ‘ஜி’ வகுப்பினர். தம் பொறியை மட்டுமே ஆளவல்லார். முதன்மை இயக்குநர் ‘ஏ’ வகுப்பினர். முறைமை முழுவதையும் நிறுத்தவல்லார். இவ்விரு நிலைகளையும் வேறுபிரித்து வைத்தமை முன்னோரின் நுண்ணறிவைக் காட்டும். 1974இல் பொப்பெக், கோல்ட்பேர்க் என்னும் அறிஞர் இருவர் வகுத்த இலக்கணமும், வளங்கள் யாவும் மேற்பார்வை நிரலின் முழுக்கட்டுப்பாட்டில் இருத்தல் வேண்டும் என்பதை ஓர் இன்றியமையாத பண்பாகக் கூறிற்று.

பின்னர் ஆள்நிலைக் கணினிகள் பரவின. அவற்றின் செயலிகள் இவ்விலக்கணத்துக்கு அமையவில்லை; பென்ரியம் செயலியில் இடையூறு விளைக்கும் கட்டளைகள் 17 இருந்தனவென 2000ஆம் ஆண்டு ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று. 1998இல் தொடங்கிய விஎம்வெயார் நிறுவனம் அக்கட்டளைகளை இயங்கும்போதே மொழிபெயர்த்து அத்தடையைக் கடந்தது. 2005இல் இன்ரெல் நிறுவனம் செயலியிலேயே அதற்கான வசதியை அமைத்தது. 2007இல் கே. வி. எம். என்பது லினக்ஸ் கருவிற் சேர்ந்தது. மறைந்திருந்த பழைய கலை மீண்டும் தழைத்தது.

பொறிகள் பல்கவே, கட்டளை செல்லும் வழியைக் காத்தல் தேவையாயிற்று. பழைய ரெல்நெற் முறையிற் கடவுச்சொல்லும் திறந்த ஓலைபோலச் சென்றது. வழியில் நிற்போர் எவரும் அதனைப் படித்தல் கூடும். பின்லாந்துப் பல்கலைக்கழகமொன்றின் வலையமைப்பில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவுபோகவே, 1995இல் ததூ யுலோனன் என்பார் எஸ். எஸ். எச். என்னும் மறைகுறி முறையை ஆக்கினார். 2005இல் தோன்றிய லிப்வேர்ட் என்னும் நிரற்றொகுதி, வெவ்வேறு மேற்பார்வை நிரல்களை ஒரே சொல்வழக்கால் ஆள வழிசெய்தது. அதன் கட்டளைகள் எஸ். எஸ். எச். வழியாகவும் செல்லவல்லன. அதன் சொற்களைப் பொருளறிந்து வழங்கல் வேண்டும். ‘அழி’ எனப் பொருள்படும் கட்டளை பொறியை அழிப்பதில்லை. மின்னிணைப்பைத் திடீரெனப் பிடுங்கியதை ஒப்ப நிறுத்துகிறது. வட்டிலுள்ளவை எஞ்சிநிற்கும்.

இக்கருவிகளின் ஆற்றலுக்கு உச்சம், இயங்கும் பொறியை இடம்பெயர்த்தலாகும். திருமூலர் வரலாற்றில் நாம் கேட்ட கூடுவிட்டுக் கூடு பாய்தலை இஃது ஒருவாறு ஒக்கும். பொறி இயங்கிக்கொண்டிருக்கையிலேயே அதன் நினைவகப் பக்கங்கள் வேறொரு சேவையகத்துக்குப் படியெடுக்கப்படும். இடையில் மாறியவை மீண்டும் அனுப்பப்படும். எஞ்சிய சிலவற்றுக்காக மட்டும் பொறி கணப்பொழுது நிறுத்தப்படும். 2003இல் விஎம்வெயார் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2005இல் கேம்பிரிட்ச், கொப்பனேகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுச் சேவையகமொன்று 60 மில்லிசெக்கனளவே நின்று இடம்மாறியது.

இத்துணை ஆற்றலும் ஒரு திறவுகோலுக்குட்பட்டமையால் விளையக்கூடியதை 2014 சூன் மாதத்து நிகழ்ச்சியொன்று உணர்த்தும். கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம், அமேசனின் சேவையகங்களிற் பிறருடைய நிரல்களைக் காத்துவந்தது. பகைவன் ஒருவன் அதன் கட்டுப்பாட்டுப் பலகையினுட் புகுந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் பலகையை மீட்க முயன்றபோது, பொறிகளையும் வட்டுக்களையும் அழிக்கத் தொடங்கினான். வேறிடத்தில் வைத்தவை எனக் கருதப்பட்ட காப்புப்படிகளும் அவற்றோடு அழிந்தன. நிறுவனம் தன் தொழிலையே நிறுத்த நேர்ந்தது. எந்திரம் எதுவும் பழுதாகவில்லை. கட்டளைகள் யாவும் கருவி விதித்தவாறே நிறைவேறின. அழிவுக்குக் காரணம், ஆக்கவும் காக்கவும் அழிக்கவும் ஒரே வாயில் திறந்திருந்தமையேயாம்.

இதுகாறும் கூறியவற்றால், சேய்மையாட்சி மெய்நிகர்ப் பொறியின் உடன்பிறப்பு என்பதும், தொடக்கத்தில் ஒருவர்க்கு ஒரு பொறியாயிருந்த அதிகாரம் இன்று ஒருவர்க்குப் பல்லாயிரமாய் விரிதல் கூடும் என்பதும் பெறப்பட்டன. எனவே இத்துறையிற் புகும் மாணவர் கட்டளைகளைக் கற்பதோடு அமையாது, எக்கட்டளை எவர்க்குரியது என்னும் பாகுபாட்டையும் கற்றல் வேண்டும். காப்புப்படிக்கு வேறிடம் மட்டும் போதாது. வேறு திறவுகோலும் வேண்டும். வி. எம். 370 வகுத்த வகுப்புக்களின் கருத்து இதுவே. பழையன என அவற்றை ஒதுக்குவோர், முத்திரையை வாயிற்படியில் வைத்துவிட்டுக் கோட்டை மதிலை உயர்த்துவோரை ஒப்பர்.