எம்டனில் வந்த இன்னொருவர்

துணிச்சலும் தந்திரமும் மிக்க ஒருவரை "அவன் பெரிய எம்டன்!" என்று நம் ஊர்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர்தான் எம்டன். அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே. இந்த இரண்டாமவரின் கதையை அறிவீர்களா?

அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் எம்டன், இந்துமாக்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளை அடைந்தது. ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிகள் அங்கே சந்தித்தன. கம்பியில்லாத் தந்தி நிலையமும் அங்கு இருந்தது. இவற்றை அழிக்க மூக்கே சுமார் 50 பேருடன் கரையிறங்கினார். கம்பத்தைச் சாய்த்தார், கருவிகளை உடைத்தார். ஆனால், அதற்கு முன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை வானலைகளில் அனுப்பிவிட்டனர்!

செய்தி கிடைத்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. கரையிலிருந்தவர்களை விட்டுவிட்டு எம்டன் போருக்குக் கிளம்ப நேர்ந்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. அடிபட்ட எம்டன் பவளப் பாறையில் மோதி நின்றது. அதிலிருந்தவர்களில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தீவில் தனித்துவிடப்பட்ட மூக்கே என்ன செய்தார்? அங்கிருந்த 'அயேஷா' என்ற 97 டன் பாய்மரக் கப்பலைக் கைப்பற்றினார். சுமத்ராவின் பாடாங் துறைமுகம் சென்றார். பிறகு ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலில் ஏமன் நாட்டுக் கரையை அடைந்தார். அங்கிருந்து படகிலும் ஒட்டகத்திலும் பயணம், வழியில் பாலைவனச் சண்டை, இறுதியில் ரயில். 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தபோது ஜெர்மனி அவரை வீரர் எனக் கொண்டாடியது.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. 1918இல் ஜெர்மனி தோற்றது. பின்னாளில் மூக்கே நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1926இல் சாக்ஸனி மாநிலச் சட்டசபை உறுப்பினரும் ஆனார். போர் வீரரென்ற தம் புகழை அக்கட்சிக்கு அவர் அளித்தார் என்பதை நாம் மறைக்கலாகாது. எனினும் 1929இல், கட்சி வளர்ந்துவந்த வேளையில், ஹிட்லரை வெறுத்து வெளியேறினார். அவரை எதிர்க்கவும் செய்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் மூக்கே சிறைவைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, மேற்கு ஜெர்மனி மீண்டும் படை திரட்டுவதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1957இல் காலமானார்.

வாசகர்களே, பாய்மரக் கப்பலில் கடலைக் கடந்தபோது ஒரு நாடே அவரைப் பாராட்டக் காத்திருந்தது. தாம் சேர்ந்த கட்சி தவறானது என்று அறிந்து வெளியேறியபோது அவருக்குக் கிடைத்தது சிறை. இவற்றுள் எதற்கு அதிகத் துணிவு வேண்டும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.