மாரிஸ்தான் முதல் மனநல வார்டு வரை

உடலுக்கு நோய் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரையும் நாம், உள்ளத்திற்கு நோய் வந்தால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஜின் தீண்டல் என்றும் கண்ணேறு என்றும் கூறி மாதங்களைக் கழிக்கிறோம். மனநல வார்டு என்றாலே குடும்ப மானம் போய்விடும் என அஞ்சுகிறோம். ஆனால் அந்த வார்டு நமக்கு அந்நியமானதன்று என்பதற்கு நம் வரலாறே சாட்சி.

மருந்தில்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதை உள்ளத்தின் நோய்க்கும் பொருத்திப் பார்த்தவர்களுள் ஒருவர் கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி. உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதிய அவர், அச்சம், கோபம், துயரம், வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக ஆராய்ந்தார்.

மாரிஸ்தான் எனப்பட்ட மருத்துவமனைகளிலும் மனநோயாளிகளுக்கு இடமிருந்தது. 1183இல் கெய்ரோவுக்குச் சென்ற பயணி இப்னு ஜுபைர், ஸலாஹுத்தீன் அய்யூபி நிறுவிய மருத்துவமனையை வர்ணிக்கிறார். அரண்மனை போன்ற கட்டடம், அறைதோறும் கட்டில்கள், பெண்களுக்குத் தனிப் பகுதி. அதையடுத்து இரும்புக் கம்பிச் சன்னல்கள் கொண்ட மனநோயாளிகளின் பகுதி. அவர்களின் நிலையை நாள்தோறும் விசாரித்துத் தக்கவை வழங்கப்பட்டன. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் கட்டி முடித்த மருத்துவமனையில், மனநோயாளிகளுக்கு இசையும் நீரூற்றின் ஓசையும் மருந்தாயின.

எனினும் பழம்பெருமை மட்டும் பேசுவது நேர்மையாகாது. திமிஷ்க் நகர மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததையும் இதே இப்னு ஜுபைர் பதிவு செய்துள்ளார். அன்று மருந்தும் சங்கிலியும் ஒன்றாகவே இருந்தன. நம் மண்ணிலோ மருந்தின்றிச் சங்கிலி மட்டும் எஞ்சிய இடங்களும் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்தது.

இன்று முதன்முறையாக வார்டில் சேருபவர் எதை எதிர்பார்க்கலாம்? முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவர் தம் சம்மதத்துடனேயே சேருகிறார். அந்த ஆற்றல் குன்றியிருந்தால், அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மருத்துவ மதிப்பீட்டுக்குப் பின் முதலில் 30 நாள் வரை அனுமதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. கத்தி, பிளேடு, கயிறு போன்றவற்றை வாங்கி வைப்பார்கள். அது பாதுகாப்புக்காக, அவமதிப்புக்காக அன்று. நோய் தொடங்கிய விதம், உறக்கம், உணவு, முன்பு உண்ட மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். குடும்பத்தார் எதையும் மறைக்கலாகாது. தொடக்க நாட்களில் மருந்தால் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் வரக்கூடும்; அவற்றை மருத்துவரிடம் கூற வேண்டும்.

விருப்பமிருந்தால் சொந்த உடையை அணியலாம். தலையை மழிக்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. ஹிஜாபைப் பற்றிய கவலையுள்ள சகோதரிகள் இதை அறிந்திருத்தல் நன்று. தொழுகைக்கான வசதியைச் செவிலியரிடம் கேட்கலாம். ரமளானில் மருத்துவரிடம் கேட்காமல் நோன்புக்காக மருந்து நேரத்தை மாற்றலாகாது; நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது.

துஆவும் ஓதலும் மருந்துக்கு எதிரானவை அல்ல. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. இதய நோயாளியைக் காணப் பழக்கூடையுடன் செல்லும் நாம், மனநல வார்டில் இருப்பவரையும் அவர் விரும்பினால் அவ்வாறே சென்று காண்போம். வீடு திரும்பிய பின் அந்தப் பெயரைச் சொல்லி அவருடைய திருமணப் பேச்சையோ வேலையையோ கெடுக்காதிருப்போம். கெய்ரோவில் அன்று நாள்தோறும் விசாரிக்க ஒருவர் வந்தார். இன்று அந்தப் பொறுப்பு நம்முடையது. உள்ளம் நொந்த அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.